சகலையின் ட்ரோனில் என் நம்பர்

பெயர், முகவரி: தனித்தாளில் எழுதியபடி. வயது: 29. தொழில்: லிஃப்ட் மெக்கானிக். திருமணமானவன். நான் சொல்லச் சொல்லக் காவல் நிலைய எழுத்தர் எழுதியது.

கூரை வேலை செய்பவரின் இடுப்பை உடைத்தவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். ட்ரோனை வாங்கியவர் அவர், ஓட்டியவர் அவர், சம்பவத்துக்குப் பிறகு அதைத் தரையில் போட்டுவிட்டுப் போனவரும் அவர். அதன் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் பதிவு நம்பர் மட்டும் என்னுடையது. நம்பரை வைத்து என்னை அழைத்துவந்திருக்கிறீர்கள். அந்த நம்பர் அங்கே எப்படிப் போனது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். சம்பவத்தை மட்டும் சொன்னால் போதும் என்று எழுத்தர் சொன்னார். சம்பவம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நான் சொன்னதால் எழுதிக்கொண்டார்.

நான் நான்கு வருடமாக ட்ரோன் ஓட்டுகிறேன். பொழுதுபோக்குக்கு மட்டும். என்னுடையது சின்னது, ஒருவர் உடைத்துப் போட்டதை வாங்கி நானே சரி செய்தது. முறைப்படி பரீட்சை எழுதி, பதிவு செய்து, நம்பர் வாங்கியிருக்கிறேன். ஊருக்கு வெளியே பழைய நூல் ஆலைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பதினொரு பேர் பறக்கவிடுவோம். அந்த மைதானத்தின் கேட்டில் ஒட்டியிருக்கும் விதித் தாள் என் கையெழுத்தில் உள்ளது. நம்பர் ஒட்டாத ட்ரோன் மேலே போகக் கூடாது, கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டக் கூடாது, நூற்றிருபது மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, ஆட்கள் தலைக்கு மேலே போகக் கூடாது, வீடுகளை எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசி விதி முக்கியமானது. ஓட்டுபவர் கண்ணாடி மாட்டிக்கொண்டால், அதாவது ட்ரோனில் உள்ள கேமரா பார்ப்பதை மட்டும் காட்டி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டால், பக்கத்தில் ஸ்பாட்டர் ஒருவர் நிற்க வேண்டும். ஸ்பாட்டர் வெறும் கண்ணால் ட்ரோனையும் அதைச் சுற்றி உள்ளதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எது வந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் "இறக்கு" என்றால் ஓட்டுபவர் கேள்வி கேட்காமல் இறக்க வேண்டும்.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி எங்கள் மொட்டைமாடியை மேலே இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டாள். சுற்றிலும் வீடுகள், பக்கத்து மாடிகளில் ஆட்கள் இருப்பார்கள், கூடாது என்று சொன்னேன். அதற்குப் பதிலாக அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போய், மேலே இருந்து மைதானம் எப்படி இருக்கும் என்று காட்டினேன். "புல்லு நல்லா இருக்குங்க" என்றாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு சகலை ட்ரோன் வாங்கினார். கண்ணாடியோடு சேர்ந்தது. நான் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிற மாடல். அதை அவர் தம் வீட்டில் பிரிக்கவில்லை, மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தார். என் மாமனார் ஓய்வு பெற்ற அலுவலக மேலாளர். பெட்டியின் அட்டையைக்கூட மடிக்காமல் எடுத்து வைத்தார். நான்கு வருடமாக நான் ட்ரோன் ஓட்டுவது அவருக்குத் தெரியும். "மூத்த மாப்பிள்ளை பைலட் ஆயிட்டார்" என்று அன்றே நான்கு பேருக்குப் போன் செய்தார்.

அதன் பிறகு சகலை பதிவு செய்வது எப்படி என்று என்னிடம் கேட்டார். பரீட்சை இருக்கிறது, இருபத்தைந்து கேள்விகள், ஒரு நாள் படித்தால் போதும் என்று சொன்னேன். "எனக்கு ஏது சகலை நேரம்? உன் நம்பரையே ஒட்டு. ஒரே குடும்பம்தானே, ஒரு வீட்டுக்கு எத்தனை கதவு நம்பர் வேணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரின் நம்பரை அவர் பொறுப்பேற்கும் ட்ரோனில் மட்டுமே ஒட்டலாம் என்பதும், ஒட்டினால் அது செய்வதற்கெல்லாம் அவரே பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும் மறுநாள் வேலை இடத்தில், லிஃப்ட் பேனல் வயர்களுக்குப் பெயர் ஒட்டப் பயன்படுத்தும் மெஷினில் என் நம்பரை அச்சடித்தேன். அந்த ட்ரோனின் அடிப்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, கோணாமல், குமிழ் விழாமல் கட்டைவிரலால் தேய்த்து ஒட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வளவு நல்ல யந்திரத்தில் என்னுடையது என்று ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று ஒட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம் சகலை எங்கள் தெருவுக்கு வந்து, காருக்குள் உட்கார்ந்துகொண்டே ட்ரோனை எங்கள் மொட்டைமாடிக்கு மேலே விட்டார். நான் அப்போது வேலையில் இருந்தேன். அவர் எடுத்த படத்தை என் மனைவி போனின் முகப்பில் வைத்துக்கொண்டாள். இன்றுவரை அதுதான் இருக்கிறது. அதில் அவள் தலையில் துண்டு கட்டியபடி, இரண்டு கையையும் தூக்கி, மேலே பார்த்து வாய் திறந்து சிரிக்கிறாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நான் ஒருநாளும் மேலே இருந்து பார்த்ததில்லை என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது.

அதன் பிறகு மாமனார் வீட்டில் வைத்து, வீடுகளுக்கு மேலே விடுவது தவறு என்று சகலையிடம் சொன்னேன். "மேல போறது யார் கைக்கு எட்டப்போகுது? ஒருத்தர் புகார் கொடுத்தாரா? தங்கச்சிகூட கை ஆட்டினா" என்றார். என் மாமனார், "சின்ன மாப்பிள்ளை ரூல்ஸ் புத்தகத்தை முழுங்கிட்டுப் பொறந்தவர்" என்றார். அன்றிலிருந்து சகலையின் பிள்ளைகள் என்னை ரூல்ஸ் சித்தப்பா என்று கூப்பிடுகிறார்கள். நான் விதி பேசியது ஊரார் மேல் உள்ள அக்கறையால் மட்டும் அல்ல என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சகலையிடம் கடை இருந்தது, கார் இருந்தது, மாமனார் பக்கத்தில் நாற்காலி இருந்தது. அவரிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது அந்த விதித் தாள் ஒன்றுதான்.

அதன் பிறகு அவர் கண்ணாடி மாட்டி ஓட்டப் பழகினார். கண்ணாடி மாட்டினால் ஆள் வேண்டும் என்று நான் சொன்னதால் என்னையே வரச் சொன்னார். எட்டு ஞாயிறு அவருக்கு ஸ்பாட்டராக நின்றேன். அந்த எட்டு ஞாயிறும் என் ட்ரோன் பையிலேயே இருந்தது.

சம்பவம் நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு. மழை வரும் போலிருந்ததால் மற்ற உறுப்பினர்கள் வரவில்லை. நானும் சகலையும் என் மாமனாரும் மட்டும் இருந்தோம். மாமனார் மூத்த மாப்பிள்ளை ஓட்டுவதைப் பார்க்க மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். நான் இறக்கைகளைச் சோதித்தேன், பேட்டரி பார்த்தேன், காற்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சகலை கண்ணாடியை மாட்டினார். நான் அவருக்கு இடப்பக்கம் ஓர் அடி தள்ளி நின்றேன். ட்ரோன் மேலே போன பிறகு எட்டு நிமிடம் நான் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். வலது என்றால் வலது, ஏற்று என்றால் ஏற்று, கம்பி வருகிறது என்றால் விலகினார். அந்தக் கண்ணாடி முகத்தில் இருக்கும்வரை அவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. என் வாய் ஒன்றுதான் அவருக்கு வழி. வாரத்தில் அந்த எட்டுப் பத்து நிமிடம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

அப்போது சகலை கண்ணாடியைக் கழற்றாமலே, "மாமா, சகலை நல்ல கண்டக்டர். விசில் அடிச்சா நிக்குது, விசில் அடிச்சா போகுது" என்றார். என் மாமனார், "அப்ப டிக்கெட்டும் அவரே கிழிக்கட்டும்" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்கவில்லை என்பது சகலைக்குத் தெரிய வழியில்லை.

அதன் பிறகு சகலை ட்ரோனை மைதானத்தை விட்டு ஆலைக் கொட்டகையின் பக்கம் திருப்பினார். கூரைப் பக்கம் வேண்டாம் என்று சொன்னேன். "ஞாயித்துக்கிழமை அங்க யார் சகலை இருக்கா, பேயா?" என்றார். நான் அப்போதே இறக்கு என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ட்ரோன் கொட்டகையின் நீளவாக்கில், கூரைக்கு ஓர் ஆள் உயரத்தில், முகட்டின் அந்தப்புறச் சரிவை ஒட்டி வேகமாகப் போனது. அப்போது கொட்டகையின் பக்கச் சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். ஏணிக்கு மேலே முகட்டுக்கு இந்தப்புறம் ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து தகரத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். நீலச் சட்டை. முதுகு எங்கள் பக்கம். இடுப்பில் கயிறு இல்லை, மிதித்து நடக்கப் பலகையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை அப்படி மேலே ஏற்றி விட்டவர் யார் என்பதையும் விசாரிக்கக் கோருகிறேன். அது தனி விஷயம் என்று எழுத்தர் சொன்னார்.

முகடு மறைத்ததால் சகலைக்குக் கண்ணாடியில் அவர் தெரிந்திருக்க மாட்டார். எனக்குத் தெரிந்தார். நான் சொல்லவில்லை. நான்கு விநாடி சொல்லவில்லை. நான்கு என்று எப்படித் தெரியும் என்று கேட்கப்பட்டதற்குச் சொல்வது: நாங்கள் பராமரிக்கும் லிஃப்டுகளில் கதவு திறந்து நிற்கும் நேரம் நான்கு விநாடி. பத்து வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த நேரத்தைப் பார்க்கிறேன். அதற்கு எனக்குக் கடிகாரம் தேவையில்லை.

அந்த நான்கு விநாடியில் நான் நினைத்தது இது. சத்தம் கேட்டு அந்த ஆள் எழுந்து நிற்பார், கெட்ட வார்த்தையில் நாலு திட்டுத் திட்டுவார், மாமனார் முன்னால் சகலை திருதிருவென்று முழிப்பார். அவ்வளவுதான் நினைத்தேன். அவர் விழுவார் என்று நினைக்கவில்லை.

என் வேலைப் பழக்கத்தால் பேசாமல் இருந்துவிட்டேனா என்று கேட்கப்பட்டது. லிஃப்டில் ஒருவர் கூண்டின் மேலே நிற்பார், ஒருவர் மெஷின் அறையில் நிற்பார். குரல் வரவில்லை என்றால் கூண்டை ஓர் அங்குலம்கூட நகர்த்த மாட்டோம். ட்ரோனில் அதற்கு நேர் எதிர். ஸ்பாட்டர் குரல் வரவில்லை என்றால் வழி சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். அங்கே மௌனம் நிறுத்தும், இங்கே மௌனம் போகச் சொல்லும். இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொள்ளவில்லை. தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ட்ரோன் முகட்டைத் தாண்டி இந்தப்புறம் வந்தது. கூரை மேல் இருந்தவர் துள்ளி எழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, பின்பக்கமாக ஓர் அடி வைத்தார். வைத்த இடம் தகரம் அல்ல. வெளிச்சத்துக்காக நடுவில் போட்டிருந்த பிளாஸ்டிக் தகடு. அது உடைந்து அவர் உள்ளே போனார். அவர் போன பிறகு நான் "இறக்கு" என்று கத்தினேன். சகலை திடுக்கிட்டு இயக்கும் கருவியின் குச்சியை இழுத்ததில் ட்ரோன் ஆலைச் சுவரில் இடித்துப் புல்லில் விழுந்தது. நாங்கள் கொட்டகையை நோக்கி ஓடினோம். வழியில் ட்ரோன் கிடந்தது. அதன் நான்கு கைகளில் ஒன்று முறிந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு முறிந்திருக்கலாமே என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் கொட்டகைக்குள்ளிருந்து அவர் முனகும் சத்தம் கேட்டது.

நான் உள்ளே போனேன். சகலை ட்ரோன் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கீழே பழைய சணல் மூட்டைகள் கொஞ்சம் கிடந்ததால் உயிர் தப்பியது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். வலது மணிக்கட்டு மடங்கியிருந்தது. இடது காலை அசைக்க முடியவில்லை. அசைக்காதீர்கள் என்று சொல்லி, தலைக்குக் கீழே என் சட்டையை மடித்து வைத்துவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர் என்னிடம், "பக்கத்துல கூடு இருக்கா தம்பி? உங்களையும் கொட்டிடப்போகுது" என்றார். எனக்குப் புரியவில்லை. கூரை வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய பயம் தகர மடிப்பில் கூடு கட்டும் குளவி என்றும், காதுக்குப் பக்கத்தில் இரைச்சல் கேட்டால் யோசிக்காமல் பின்னால் குதித்துவிடுவார்கள் என்றும் பிறகு ஆஸ்பத்திரியில் அவருடைய மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் கடைசிவரை ட்ரோனைப் பார்க்கவே இல்லை. குளவி என்று நினைத்துத்தான் விழுந்தார். அவர் கேட்டதற்கு நான், "கூடு எதுவும் இல்லண்ணே" என்று மட்டும் சொன்னேன். இரைந்தது ட்ரோன் என்று சொல்லவில்லை.

ஆம்புலன்சில் அவருடன் நான் போனேன். நான் ஏறும்போது மாமனார் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். "தொடவே இல்லையே மாமா, நீங்களும் பார்த்தீங்கல்ல, தொடவே இல்ல" என்று சகலை சொல்வது கேட்டது. அவர் கண்ணாடியையும் இயக்கும் கருவியையும் பையில் போட்டுக் காரில் வைத்தார். ட்ரோனை எடுக்கவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று அப்போது நினைத்தேன். என் நம்பர் எதில் இருக்கிறதோ அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பது மறுநாள் நீங்கள் எட்டாவது மாடியில் வேலையில் இருந்த என்னைக் கீழே இறக்கிக் கூட்டிவந்தபோதுதான் புரிந்தது.

அன்று மாலை, அதாவது நீங்கள் வருவதற்கு முந்தின மாலை, மாமனார் வீட்டுக்கு என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டார்கள். நானே ஓட்டினேன் என்று சொல்லும்படி மாமனார் கேட்டார். நம்பர் என்னுடையது, பரீட்சை எழுதியவன் நான், அதனால் எனக்குத் தண்டனை குறைவாக இருக்கும், சகலை பதிவே செய்யாதவர், அவருக்கு இரட்டிப்பு ஆகும் என்றார். நான்கு வருடமாக அவர் கேட்க மறுத்த விதிகளை அன்று ஒன்றுவிடாமல் எனக்கே ஒப்பித்தார். கடை பேர் கெட்டுவிடும் என்றார். என் பேர் என்ன ஆகும் என்று கேட்டேன். "உங்களுக்கு என்ன பேர் இருக்கு மாப்பிள்ளை, கெடறதுக்கு?" என்றார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். சகலை தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த ஆள் கூரையில் இருந்ததைக் கவனிக்கவில்லை என்று அங்கே சொன்னேன். அது பொய்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மனைவி, "உங்க கண்ணுக்கு எறும்பு ஊறறது தெரியும். நிஜமா பாக்கலையா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "வேற யாராவது ஓட்டியிருந்தா சொல்லியிருப்பீங்களா?" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இன்று இங்கே சொல்கிறேன். சொல்லியிருப்பேன்.

என் கோரிக்கை ஒன்று உண்டு. சகலையின் கண்ணாடியில் ஒரு மெமரி கார்டு இருக்கிறது. பறக்கும்போது தெரிவதெல்லாம் அதில் பதியும். அந்த மாடலில் மைக்கும் உண்டு என்பதால் பக்கத்தில் பேசுவதும் பதியும். அதைப் போட்டுக் கேட்டால் எட்டு நிமிடம் என் குரல் வரும், கண்டக்டர் என்று சகலை சொன்னது வரும், மாமனார் சிரித்தது வரும், கூரைப் பக்கம் வேண்டாம் என்று நான் சொன்னதும் அவர் கேட்காததும் வரும். அதற்குப் பிறகு நான்கு விநாடி ஒன்றும் வராது. அது அவருக்கு எதிரான சாட்சி, எனக்கும் எதிரான சாட்சி. அந்தக் கண்ணாடி அவர் எப்போதும் வைக்கும் இடத்தில், டைல்ஸ் கடையில், கல்லா மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. இதை நான்கு நாளாகத் தினமும் இங்கே வந்து சொல்கிறேன். புல்லில் கிடந்த ட்ரோனை எடுத்துவர உங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடை இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த அறையின் தரை டைல்ஸ் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. இதையும் எழுதச் சொன்னேன். எழுத்தர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதினார்.

கூரை வேலை செய்பவருக்கு இன்னும் மூன்று மாதம் எழுந்து நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி சொன்னார். நேற்று முன்தினம் நான் பார்க்கப் போனபோதும் அவர் என்னிடம் கூட்டைக் கலைத்துவிட்டார்களா என்று கேட்டார்.

எழுதியதை முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "சில விநாடிகள் தாமதமாக" என்று இருந்த இடத்தை "நான்கு விநாடி சொல்லவில்லை" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மிரட்டலோ ஆசை வார்த்தையோ இல்லாமல் நானாகச் சொன்னது இது. மாமனார் வீட்டிலும் என் மனைவியிடமும் சொன்னது பொய், இங்கே சொன்னது உண்மை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு நான் கேட்டதையும் சேர்க்கச் சொன்னதால் சேர்க்கப்பட்டது.

கேள்வி: அந்தக் கார்டை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?

பதில்:

(கையொப்பம்)